மறைநூல்களும் மனித வன்முறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மறைநூல்களை நண்பர்களோடு உட்கார்ந்து சத்தமாக வாசிப்பது என் நெடுநாள் வழக்கம். கொலை, போர், பழி என்று வரும் பக்கங்களை எட்டும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள் எழும். அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மறைநூல் என்று நான் சொல்வதில் விவிலியம், குர்ஆன், பௌத்த, சமண சூத்திரங்கள், மகாபாரதம் எல்லாம் அடங்கும். தமிழ்மறை என்று பெயர் வாங்கிய குறளும் உண்டு.

புனிதமான நூல் என்கிறார்கள். அதில் இவ்வளவு ரத்தம் எதற்கு?

மனிதரைப் பற்றிய நூல் என்பதால்தான். சூடானில் ஜெபல் சஹாபா என்ற இடத்தில் 1960களில் ஓர் இடுகாட்டைத் தோண்டினார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. பல எலும்புகளில் கல்முனை பாய்ந்த வடுக்கள். அவற்றின் வயது 13,000 ஆண்டுகளுக்கும் மேல். எழுத்து பிறந்து 5,000 ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. எழுதக் கற்பதற்கு வெகு காலம் முன்பே மனிதன் கொல்லக் கற்றிருந்தான்.

அரசர்கள் கல்லில் வெட்டிவைத்த வெற்றிச் செய்திகளிலும் ரத்தம் உண்டு. ஆனால் அங்கே செத்தவர்கள் வெறும் எண்ணிக்கை. (அசோகர் ஒரு விதிவிலக்கு. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டதையும் தானே சொல்லி, தானே வருந்துகிறார்.) மறைநூல்கள் வேறு இரண்டு இடங்களில் நிற்கின்றன: அடி விழுவதற்கு முந்தைய நிமிடத்திலும், அடி விழுந்த மறுநாள் காலையிலும். நடுவில் இருக்கும் அடியை மட்டும் பார்த்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். என் பார்வையில் இந்த நூல்கள் கற்றுத்தருவது பெரும்பாலும் அந்த முன்னும் பின்னும்தான். கீழே வரும் பதில்களிலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

காயீன் ஏன் தன் தம்பியைக் கொன்றான்?

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம், நாலாம் அதிகாரம். அண்ணன் காயீன் நிலத்தை உழுகிறவன், தம்பி ஆபேல் ஆடு மேய்க்கிறவன். இருவரும் காணிக்கை கொண்டுவருகிறார்கள். தம்பியுடையது ஏற்கப்படுகிறது, அண்ணனுடையது ஏற்கப்படவில்லை. ஏன் என்று கதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. அந்த மௌனமே எனக்கு உண்மையாகப் படுகிறது. வாழ்க்கையில் நமக்குக் கிடைக்காமல் அடுத்தவனுக்குக் கிடைத்ததற்குக் காரணம் சொல்ல யாரும் வருவதில்லை.

கொலைக்கு முன்னால் ஒரு கேள்வி வருகிறது: "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" கையில் கல் எடுப்பதற்கு வெகு முன்பே முகம் மாறிவிடுகிறது, கதை அந்த முகத்தைப் பார்த்துவிடுகிறது. அடுத்து, பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, நீ அதை ஆண்டுகொள்ளலாம் என்று எச்சரிக்கை. எபிரேய மூலத்தில் அங்கே வரும் வினைச்சொல் ஒரு விலங்கு மடங்கிப் படுப்பதற்குச் சொல்வது. கோபம் உள்ளே வந்துவிடவில்லை, வாசலில்தான் கிடக்கிறது. கதவு இன்னும் காயீன் கையில்.

இதற்கு அடுத்த வசனத்தில் எல்லா வாசகரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மூலத்தில் "காயீன் தன் தம்பி ஆபேலிடம் சொன்னான்" என்று வாக்கியம் தொடங்குகிறது. என்ன சொன்னான் என்பது இல்லை! அப்படியே வயல்வெளிக்குத் தாவி, கொலையில் முடிகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "வயலுக்குப் போவோம் வா" என்று அந்த இடத்தை நிரப்பியது. தமிழ் விவிலியம் "பேசினான்" என்று மட்டும் சொல்கிறது. ஒருவேளை பழைய ஏடு ஒன்றில் சில சொற்கள் விடுபட்டிருக்கலாம். எப்படியானாலும், பேச்சு இருந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, அந்தக் காலி இடத்தில் கொலை வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்த அன்று, நான் பல மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த ஒரு நெருங்கிய உறவினரின் நினைவு வந்தது. அன்று இரவே அவரைக் கூப்பிட்டேன்.

கொன்றவனுக்கு என்ன ஆயிற்று?

அவனை யாரும் கொல்லக் கூடாது என்று அவன்மேல் ஓர் அடையாளம் போடப்படுகிறது. பழிக்குப் பழி அங்கேயே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அது நிற்கவில்லை. அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில், ஆதாமிலிருந்து ஏழாம் தலைமுறையில் லாமேக்கு என்பவன் தன் இரு மனைவிகள் முன் பாடுகிறான்: என்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றேன், காயீனுக்காக ஏழு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு. காயத்துக்குப் பதில் கொலை, அதற்கு ஒரு பாட்டு வேறு. அவனுடைய ஒரு மகன் இரும்பும் வெண்கலமும் அடிக்கிறவன், இன்னொரு மகன் யாழ் மீட்டுகிறவர்களுக்கு முன்னோடி. ஆயுதமும் கொலையைக் கொண்டாடும் பாட்டும் ஒரே வீட்டில் வளர்கின்றன.

பல நூற்றாண்டு கழித்து சீடர் பேதுரு இயேசுவிடம் "ஏழுதரம் மன்னித்தால் போதுமா" என்று கேட்கிறார். வந்த பதில், லாமேக்கின் அந்த எண்ணைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எப்படிச் சொல்லியிருக்கிறதோ அதே சொற்களில் இருக்கிறது. தமிழில் "ஏழெழுபது" என்று வருவதால் இந்தத் தொடர்பு கண்ணில் படாமல் போகிறது. பழியை எண்ணிய அதே கணக்கில் மன்னிப்பை எண்ணச் சொல்கிறார்.

குர்ஆனிலும் இந்தக் கதை உண்டா?

உண்டு. அல்மாயிதா என்ற ஐந்தாம் அத்தியாயத்தில், 27 முதல் 32 வரை. அங்கே "ஆதமுடைய இரு மகன்கள்" என்று மட்டும் வரும். ஹாபில், காபில் என்ற பெயர்கள் மரபில் வந்தவை. விவிலியத்தில் ஆபேல் வாயே திறப்பதில்லை. இங்கே தம்பி பேசுகிறான்: என்னைக் கொல்ல நீ கை நீட்டினாலும், உன்னைக் கொல்ல நான் கை நீட்ட மாட்டேன்.

கொலைக்குப் பிறகு வரும் காட்சி இன்னும் ஆழமானது. உடலை என்ன செய்வதென்று அண்ணனுக்குத் தெரியவில்லை. ஒரு காகம் வந்து தரையைக் கொத்திக் கிளறுகிறது. அதைப் பார்த்து, "ஐயோ, இந்தக் காகத்தைப் போல்கூட நான் இல்லாமல் போனேனே" என்று அவன் புலம்புகிறான். கொல்ல யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. புதைக்கத்தான் ஒரு பறவையிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அதைத் தொடர்ந்து வருவதுதான் பலரும் அறிந்த வசனம்: அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவன் போல, ஓர் உயிரை வாழவைத்தவன் எல்லோரையும் வாழவைத்தவன் போல. இஸ்ரவேலருக்கு இப்படி விதித்தோம் என்றே அது தொடங்குகிறது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் இதே கருத்து இருக்கிறது. அது வரும் இடம் கவனிக்கத்தக்கது: கொலை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களை எச்சரிக்கும் இடம். உன் சொல்லால் ஒரு தலை உருளப்போகிறது, யோசித்துப் பேசு என்று நீதிமன்றத்தில் சொன்னது அது.

பொறாமையும் கோபமும்தான் காரணமா? வறுமை, ஆட்சி இவற்றைப் பற்றி இந்த நூல்கள் பேசுவதில்லையா?

பேசுகின்றன. பௌத்தத்தின் தீக நிகாயத்தில் 26ஆவது சூத்திரமான சக்கவத்தி சீகநாத சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மன்னன் எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறான், ஒன்றைத் தவிர: இல்லாதவர்களுக்குப் பொருள் கொடுக்கவில்லை. வறுமை பெருகுகிறது. ஒருவன் திருடுகிறான். பிடித்துக் கொண்டுவந்து கேட்டால், பிழைக்க வழியில்லை என்கிறான். மன்னன் பணம் கொடுத்து அனுப்புகிறான். செய்தி பரவி, இன்னும் சிலர் திருடுகிறார்கள். இப்படியே கொடுத்தால் திருட்டு பெருகும் என்று பயந்த மன்னன் அடுத்த திருடனின் தலையை வெட்டச் சொல்கிறான், முரசறைந்து, ஊர் பார்க்க.

அதைப் பார்த்த மக்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? திருடக் கூடாது என்பதையா? இல்லை. நாமும் கூர்மையான வாள் செய்வோம், நாம் யாரிடம் திருடுகிறோமோ அவர்களின் தலையை நாமும் வெட்டுவோம் என்பதை. வறுமையிலிருந்து திருட்டு, திருட்டிலிருந்து ஆயுதம், ஆயுதத்திலிருந்து கொலை, கொலையிலிருந்து பொய் என்று சூத்திரம் படிப்படியாக இறங்குகிறது. மனிதரின் ஆயுளும் 80,000 ஆண்டிலிருந்து 40,000 ஆகி, இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏட்டில் இவ்வளவு தெளிவான சமூகப் பார்வை இருப்பது என்னை ஒவ்வொரு முறையும் அசைத்துவிடுகிறது. இந்தக் கதையின் மீதியைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கோபத்தை அடக்கு என்று எல்லா நூலும்தான் சொல்கிறது. புதிதாக என்ன இருக்கிறது?

குறளின் வெகுளாமை அதிகாரத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். முதல் குறளே நம்மைப் பிடித்துவிடும்: "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்." உன் கோபம் பலிக்கும் இடத்தில் அடக்குகிறாயா என்பதுதான் கேள்வி, பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன. மேலதிகாரி முன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைமேல் பாய்கிறோம். வள்ளுவர் கணக்கில் முதல் இடத்தில் அடக்குவது சேராது, இரண்டாவது இடத்தில் அடக்குவதுதான் சேரும். வன்முறை மேலிருந்து கீழே வழிவது என்ற விஷயத்தை ஏழு சீரில் சொல்லிவிட்டார்.

அப்புறம் 306ஆவது குறள்: "சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்." சேர்ந்தாரைக் கொல்லி என்பது நெருப்பின் பெயர், சேர்ந்தவரையே கொல்வது. புணை என்றால் தெப்பம். நடு வெள்ளத்தில் தான் ஏறி நிற்கும் தெப்பத்துக்கே தீ வைத்தவனை நினைத்துப் பாருங்கள்.

"கண்ணுக்குக் கண்" காட்டுமிராண்டிச் சட்டம் இல்லையா?

விவிலியத்தின் இந்தச் சட்டம் எல்லை போட வந்தது. லாமேக்கு ஒன்றுக்கு எழுபத்தேழு கேட்டான். இது ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது என்கிறது. கிமு 18ஆம் நூற்றாண்டின் பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டத்திலும் இது இருக்கிறது. ஆனால் அங்கே மேல்குடியினரின் கண்ணுக்குத்தான் கண். எளியவனின் கண் போனால் ஒரு மினா வெள்ளி. அடிமையின் கண் போனால் அவன் விலையில் பாதி. யாத்திராகமத்தில் எஜமான் தன் அடிமையின் கண்ணைக் கெடுத்தால் அந்தக் கண்ணுக்காக அவனை விடுதலை செய்துவிட வேண்டும். பிற்கால யூத ரபிகள் கண்ணுக்கு ஈடு பணம்தான் என்று மாற்றிவிட்டார்கள். இயேசுவின் மலைப்பிரசங்கம் இன்னும் ஓர் அடி போய், தீமையை எதிர்த்து நிற்காதே என்றது. ஒரே வாக்கியம் காலத்தோடு இப்படி நடந்து வந்திருக்கிறது.

பழிவாங்குவது எங்கேதான் நிற்கும்?

மகாபாரதத்தை இந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும். துரோணரைத் துருபதன் அவமதித்தான். துரோணர் தன் சீடர்களை ஏவித் துருபதனைக் கட்டி இழுத்து வரச் செய்தார். துருபதன் வேள்வி செய்து, துரோணரைக் கொல்லவே ஒரு மகனைப் பெற்றான். அந்த திருஷ்டத்யும்னன், அரைப் பொய்யைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்ட துரோணரின் தலையை வெட்டினான். இதில் யாரைக் கேட்டாலும் முதலில் தொடங்கியது அவன்தான் என்பான், அதற்குச் சான்றும் காட்டுவான்.

அப்புறம் சௌப்திக பருவம். போர் முடிந்த இரவு. ஓர் ஆலமரத்தடியில் கிருபரும் கிருதவர்மனும் தூங்கிவிட்டார்கள். துரோணரின் மகன் அசுவத்தாமனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. மேலே கிளைகளில் காக்கைகள் அடைந்திருக்கின்றன. சத்தமில்லாமல் ஒரு கூகை வந்து, தூங்கும் காக்கைகளைக் கிழித்துப் போடுகிறது. "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று நமக்குத் தெரியும். அவன் அதன் இரவுப் பாதியைப் பார்க்கிறான். அந்த நிமிடத்தில் திட்டம் பிறக்கிறது. கிருபர் எழுந்து தடுக்கிறார், விடியட்டும் என்கிறார். விடியவில்லை. பாசறையில் தூங்கிக்கொண்டிருந்த திருஷ்டத்யும்னனும் திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் செத்தார்கள்.

மறுநாள் அவனைப் பிடிக்கப் போகிறார்கள். அவன் அத்திரத்தை விடுகிறான், அருச்சுனனும் விடுகிறான். உலகமே எரியும் என்று முனிவர்கள் குறுக்கே வந்து நிற்க, அருச்சுனன் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். அசுவத்தாமனுக்கு விடத்தான் தெரியும், திரும்ப வாங்கத் தெரியாது. அது அருச்சுனனின் மருமகள் உத்தரையின் வயிற்றில் இருக்கும் கருவின்மேல் போய் விழுகிறது. நான் இந்தக் காப்பியத்தில் அதிகமாகத் தங்கி நின்ற இடம் இதுதான்.

அடுத்த பருவமே பெண்களுடையது, ஸ்திரீ பருவம். காந்தாரி களத்தில் ஒவ்வொரு உடலாகப் பார்த்துப் பெயர் சொல்லி அழுகிறாள். வென்றவர் பக்கம் எஞ்சியவர்கள் ஏழு பேர், தோற்றவர் பக்கம் மூன்று பேர்.

இன்னொன்று. இந்தக் கதை எங்கே வைத்துச் சொல்லப்படுகிறது? உத்தரையின் வயிற்றில் பிழைத்த பரீட்சித்து பாம்பு கடித்து இறந்ததற்குப் பழிவாங்க, அவன் மகன் ஜனமேஜயன் பாம்புகளையெல்லாம் நெருப்பில் விழவைக்கும் வேள்வியில். அந்த வேள்வியை ஆஸ்தீகன் என்ற இளைஞன் வந்து நிறுத்தினான். அவன் அப்பா முனிவர், அம்மா நாகர் குலத்தவள். இரு பக்கமும் உறவுள்ளவன்தான் நிறுத்த முடிந்தது.

கடவுளே கொல்லச் சொல்லும் பகுதிகளை என்ன செய்வது?

மிகக் கடினமான கேள்வி. உபாகமம் 20இல் கானானியரில் சுவாசமுள்ள ஒன்றையும் உயிரோடு வைக்காதே என்று வருகிறது. முதலாம் சாமுவேல் 15இல் அமலேக்கியரின் கைக்குழந்தைகள் வரை. இதை மென்மையாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சில உண்மைகள் உதவும். அந்தக் காலத்து அரசர்கள் இப்படித்தான் பேசினார்கள். 1868இல் யோர்தானின் திபானில் கிடைத்த மோவாபிய மன்னன் மேசாவின் கல்வெட்டில், நேபோ ஊரில் 7,000 பேரைக் கொன்று தன் தெய்வமான காமோசுக்கு அர்ப்பணித்தேன் என்று இருக்கிறது. யோசுவாவின் நூல் பயன்படுத்தும் அதே வேர்ச்சொல் அங்கேயும். கொல்லப்பட்டவர்கள் இஸ்ரவேலர். அதற்கும் முன்னால், கிமு 1208 வாக்கில், எகிப்தின் மெர்னெப்தா "இஸ்ரேல் பாழானது, அதன் விதை இல்லை" என்று கல்லில் வெட்டினான். அழிந்தே போனதாகச் சொல்லப்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். யோசுவா முற்றிலும் அழித்ததாகச் சொன்ன கானானியரும் நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் அங்கேயே குடியிருக்கிறார்கள். ஆகவே அந்த வரிகளில் போர்க்கால மிகைப்பேச்சு நிறைய உண்டு.

சரி, மிகை என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? தீரவில்லை. 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் குடியேறியவர்களில் சில பிரசங்கிகள், அங்கிருந்த பூர்வகுடிகளுக்கு அமலேக்கியர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் விழுந்த பிறகு நடந்தது வரலாறு. எதிரிக்கு வேதத்திலிருந்து பெயர் எடுத்து ஒட்டும் குரலைக் கேட்டால் உடனே உஷாராக வேண்டும். யூத மரபு இந்த ஆபத்தை முன்பே கண்டுகொண்டது: அசீரிய மன்னன் சனகெரிப் எல்லா இனங்களையும் கலந்துவிட்டான், இனி யாரையும் அந்தப் பழைய பெயரால் அடையாளம் காட்ட முடியாது என்று சொல்லிக் கதவை அடைத்தது.

ஏசாயா, பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்கிறார். யோவேல் 3:10, மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடியுங்கள் என்கிறது. இரண்டும் ஒரே நூலுக்குள். உலைக்களத்தில் எதை அடிப்பது என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்கிறார்.

கீதை போரை ஆதரிக்கிறதா?

வில்லைக் கீழே போட்டவனை எடுக்க வைக்கும் நூல்தான், மறுக்க முடியாது. ஆனால் அவன் வில்லைப் போட்டதற்கு முதல் அத்தியாயம் முழுவதையும் கொடுத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். அவனுடைய நடுக்கம் அழிக்கப்படாமல் பதிவாகியிருக்கிறது. காந்தி அந்தப் போரை மனதுக்குள் நடக்கும் போராகப் படித்தார். அவரைச் சுட்டவனும் கீதையைப் படித்தவன்தான்.

பெண்கள்மீதான வன்முறையைப் பற்றி?

நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரம். படிக்கத் துணிச்சல் வேண்டும். ஒரு லேவியன் தன் மறுமனையாட்டியோடு கிபியா ஊரில் தங்குகிறான். இரவில் ஊர்க்காரர்கள் வீட்டைச் சூழ்ந்து அவனைக் கேட்கிறார்கள். அவன் அவளைப் பிடித்து வெளியே விட்டுவிடுகிறான். விடியும் நேரத்தில் அவள் வந்து வீட்டு வாசலில் விழுந்து கிடக்கிறாள், கைகள் வாசற்படியின்மேல். அவன் கதவைத் திறந்து "எழுந்திரு, போவோம்" என்கிறான். பதில் இல்லை. கதை முழுவதும் அவளுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை.

அடுத்த அதிகாரத்தில் அவன் கோத்திரங்கள் கூடிய சபையில் நடந்ததைச் சொல்கிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என்னைக் கொல்ல நினைத்தார்கள், அவளைக் கெடுத்தார்கள், அவள் செத்துப்போனாள் என்கிறான். தான் பிடித்து வெளியே தள்ளியதை மட்டும் விட்டுவிட்டான். சபை கொதித்தெழுகிறது, உள்நாட்டுப் போர் மூள்கிறது, பென்யமீன் கோத்திரத்தில் 600 ஆண்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கு மனைவிகள் வேண்டுமென்று வேறோர் ஊரை வெட்டி 400 பெண்களைக் கொண்டுவருகிறார்கள்; போதாததற்கு சீலோவில் நடனமாட வந்த பெண்களைத் தூக்கிப்போகச் சொல்கிறார்கள். ஒருத்திக்கு நீதி கேட்டுத் தொடங்கியது, நூற்றுக்கணக்கான பெண்களைத் தூக்கிப்போவதில் முடிகிறது. நூலின் கடைசி வரி: அவனவன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான். எழுதியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

என் கையால் யாரையும் அடித்ததில்லை. எனக்கு இதில் என்ன?

விவிலியத்தின் தாவீது ராஜா, தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகடித்தவர்; அவரும் உரியாவைக் கையால் தொடவில்லை. போரில் அவனைச் சாகும்படி முன்னே நிறுத்தச் சொல்லிச் சேனாபதிக்கு ஒரு கடிதம் எழுதினார், அதை உரியாவிடமே கொடுத்து அனுப்பினார். தன் சாவைத் தானே சுமந்துகொண்டு அந்த மனிதன் நடக்கிறான். செய்தி வந்தபோது தாவீது, வாள் ஒருவேளை இவனையும் ஒருவேளை அவனையும் தின்னும் என்று சேனாபதிக்கு ஆறுதல் சொல்லி அனுப்புகிறார். தின்றது வாளாம்!

உபாகமம் 21இல் வேறொரு காட்சி. வயல்வெளியில் ஓர் உடல் கிடக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பர்கள் வந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு அந்த இடத்திலிருந்து தூரம் அளக்க வேண்டும். கிட்டே இருக்கிற ஊரின் மூப்பர்கள் ஒரு கிடாரியைக் கொண்டுவந்து, சடங்கு செய்து, கை கழுவி, எங்கள் கைகள் இந்த ரத்தத்தைச் சிந்தவில்லை என்று சொல்ல வேண்டும். மிஷ்னா இங்கே நிறுத்திக் கேட்கிறது: மூப்பர்கள் கொலைகாரர்கள் என்று யாராவது நினைத்தார்களா, இதை ஏன் சொல்ல வேண்டும்? பதில்: அவன் எங்களிடம் வந்து நாங்கள் சோறில்லாமல் அனுப்பிவிடவில்லை, அவனைப் பார்த்தும் வழித்துணையில்லாமல் விட்டுவிடவில்லை என்பதே அதன் பொருள். சோறு போடாததும் துணை அனுப்பாததும் கொலைக் கணக்கில் வருகின்றன. கொலைகள் பெருகியபோது இந்தச் சடங்கு நின்றுபோனது என்றும் மிஷ்னாவே குறித்திருக்கிறது.

கும்பல் சேர்ந்து ஒருவரை அடிப்பது?

பலியாடு என்ற சொல்லுக்குப் பின்னால் லேவியராகமம் 16 இருக்கிறது: ஊரின் குற்றமெல்லாம் ஓர் ஆட்டின் தலையில் வைத்து வனாந்தரத்துக்கு விரட்டுவது. மனிதரையே அந்த ஆடாக்கும் பழக்கத்தைப் பற்றி பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் (1923–2015) நிறைய எழுதினார். லூக்கா 23:12 ஒரு சின்ன வசனம்: இயேசுவைத் தண்டிக்கிற அந்த நாளில், அதுவரை பகையாக இருந்த ரோம ஆளுநர் பிலாத்துவும் கலிலேயாவை ஆண்ட ஏரோதும் சிநேகிதரானார்கள். சேர்ந்து ஒருவனை அடிக்கும்போது கிடைக்கும் ஒற்றுமை இது. ரொம்ப இனிமையாக இருக்கும், அதனால்தான் ஆபத்து.

சங்கீதம் 137 குழந்தைகளைக் கல்லில் மோதுபவன் பாக்கியவான் என்று முடிகிறதே?

"பாபிலோன் ஆறுகள் அருகே" என்று அழகாகத் தொடங்கி அப்படி முடிகிறது. எருசலேம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்களின் பாட்டு. தங்கள் குழந்தைகளுக்கு நடந்ததைத்தான் அவர்கள் திரும்பக் கேட்கிறார்கள். இதை நான் வழிகாட்டுதலாகப் படிப்பதில்லை, வாக்குமூலமாகப் படிக்கிறேன். அந்த வெறி வாய் வழியாக வெளியே வந்து, ஜெபத்திலேயே நின்றுவிட்டது.

எல்லா மறைகளும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா?

இல்லை. ஒரே நூலுக்குள்ளேயே சொல்வதில்லை. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வைத்த குறளே, கொடிய கொலைகாரரை அரசன் ஒறுப்பது பயிருக்குக் களையெடுப்பது போல என்கிறது (550). சமணத்தின் ஆசாராங்க சூத்திரமோ, நீ யாரைக் கொல்ல நினைக்கிறாயோ அது நீயே என்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட முயலாதீர்கள்.

நம்பிக்கை இல்லாதவர்கள் படிக்கலாமா?

தாராளமாக. காயீனின் முகம் வாடியதைப் புரிந்துகொள்ள எந்த நம்பிக்கையும் தேவையில்லை.

அந்தப் பௌத்தக் கதை எப்படி முடிகிறது?

ஆயுள் இறங்கி இறங்கி மனிதர்கள் பத்து வயது வரை மட்டும் வாழும் காலம் வருகிறது. அப்போது ஏழு நாள் ஒரு வாள்காலம். ஒருவரை ஒருவர் பார்க்கும்போது மனிதராகத் தெரியாது, வேட்டை விலங்காகத் தெரியும். கையில் கூர்வாள் இருக்கும். இது மிருகம், இது மிருகம் என்று சொல்லிக்கொண்டே வெட்டுவார்கள். கொல்வதற்கு முன் கண் முதலில் மாறுகிறது. காயீனுக்கு முகம் மாறியதைப் போல.

ஆனால் சிலர் மட்டும், நம்மை யாரும் கொல்ல வேண்டாம், நாமும் யாரையும் கொல்ல வேண்டாம் என்று சொல்லி, புல்லடர்ந்த இடங்களிலும் காட்டிலும் மலையிடுக்கிலும் ஒளிந்துகொள்கிறார்கள். வேரும் பழமும் தின்று ஏழு நாள் கிடக்கிறார்கள். எட்டாம் நாள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். எதிரே இன்னொருவர் வருவதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். "நீ உயிரோடிருக்கிறாய்! நீ உயிரோடிருக்கிறாய்!" என்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் சொந்தங்களை எல்லாம் இழந்தோம், இனி என்ன நல்லது செய்யலாம், முதலில் கொல்வதை நிறுத்துவோம் என்று முடிவு செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இருபது வயது வரை வாழ்ந்தார்கள்.